அறுபத்தேழில் ஒன்பது

ஞாயிறு மதியமானால் நாணயக் கண்காட்சியில் பாதி வியாபாரிகள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவோம். அந்த நேரம் பார்த்துத்தான் டெல்பர்ட் வாண்டர்லான் என் மேசைக்கு வந்து நின்றான். வெளியே மிச்சிகன் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் வீட்டு ஹீட்டர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செத்துப்போய்விட்டது. புதிதாக வைக்க ஏழாயிரம் டாலர் கேட்கிறார்கள். மனைவி ஆர்லீனுக்கு மூச்சிழுப்பு; கோட்டும் குல்லாயுமாகத்தான் தூங்குகிறாள். மண்டபம் கதகதப்பாக இருக்கிறதே என்று தினமும் அவனோடு வந்து, காபிக் கடை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவனோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இதை இன்னைக்கு வித்தே ஆகணும், கஸ்," என்றான்.

பிளாஸ்டிக் உறைக்குள், பழைய அதிபர் ஐசனோவரின் முகம் பதித்த ஒரு டாலர் காசு, எழுபத்தாறாம் வருடத்துத் தடித்த எழுத்து வகை. வெள்ளிகூடக் கிடையாது, செம்பும் நிக்கலும்தான். கடையில் நீட்டினால் ஒரு டாலர். ஆனால் இந்தப் பெரிய காசுகள் அச்சடித்த அன்றே மூட்டையில் ஒன்றோடொன்று மோதி, ஐசனோவரின் கன்னமெல்லாம் தழும்பாகிவிடும். கன்னம் சுத்தமாக இருக்கும் காசுக்குத்தான் எங்கள் ஆட்கள் பைத்தியமாக அலைகிறார்கள். எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, வரிசை எண் அச்சடித்த சீட்டோடு காசை உறையில் வைத்து மூடித் தரும் கம்பெனி இதற்கு அறுபத்தேழு போட்டிருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஒளி எங்கும் அறுபடாமல் சுற்றி ஓடியது. தாடைக்குக் கீழே மட்டும் நகம் பட்டதுபோல ஒரு சின்ன வடு. அது இல்லாவிட்டால் அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு வாங்கிய காசு இந்த வகையில் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

"அருமையான காசுய்யா. ஆனா எங்கிட்ட அவ்வளவு பணம் இல்ல. கிப்கிட்ட போ."

கிப் ரஸ்டன் பக்கத்து மேசைக்காரன். புது டாலர்களில் அவன்தான் பெரிய கை. காசை வாங்கி மூன்று விநாடி பார்த்தான், பிறகு கைபேசியைத் தடவினான். எந்தத் தரத்தில் எத்தனை காசு என்று கம்பெனி போடும் கணக்கு அதில் இருக்கிறது. எங்கள் தொழிலில் காசின் முகத்தைவிட அந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், வெட்கக்கேடு.

"அறுபத்தேழுல ஒன்பது இருக்கு. ஆயிரத்து இருநூறு தரேன்."

டெல்பர்ட் சிரிக்கப் பார்த்தான், வாய்தான் கோணியது. "போன தடவை ஏலத்துல எட்டாயிரத்துக்குப் போச்சே, கிப்!"

"அப்ப மூணே மூணு இருந்துச்சு. ஒன்பது இருந்தா எவன் எட்டாயிரம் குடுப்பான்? உங்க மாமனாரா?"

"கூடுதலா வந்த ஆறும் நாந்தான்யா! எல்லாம் இதே காசு!"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அறுபத்தெட்டு கிடைத்தால் வீடே வாங்கலாம் என்ற ஆசையில், உறையை உடைத்துக் காசை வெளியே எடுத்து, புதுக் காசுபோல மறுபடி கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறான். அறுபத்தேழு. மறுபடி உடைத்திருக்கிறான். அறுபத்தேழு. ஆறு தடவை! உடைத்த உறையின் சீட்டைத் திருப்பி அனுப்பினால் கம்பெனி அந்தப் பழைய எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். இவன் அனுப்பவில்லை. அனுப்பினால் பழைய காசுதான் என்று தெரிந்து மதிப்பெண்ணைக் கூட்ட மாட்டார்களாம். இப்படிப்பட்ட புத்திசாலித்தனம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். ஒவ்வொரு தடவையும் கணக்கில் ஒரு பொய்க்காசு கூடியது, இவன் கையிலிருந்த நிஜக்காசின் விலை இறங்கியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான்.

"விக்க வர்றவன் எல்லாரும் இதையேதான் சொல்றான்," என்றான் கிப். "சரி, பழைய சீட்டெல்லாம் காட்டுங்க, நல்ல விலை பேசலாம்."

"குப்பைல போட்டுட்டேன்."

"அப்ப ஒன்பதுதான்."

டெல்பர்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கிப்பிடம் கையை நீட்டினான். கிப் குலுக்கினான். இங்கே கை குலுக்கிவிட்டால் முடிந்தது, அதற்குமேல் பேச்சே கிடையாது.

பணத்தோடு என் நாற்காலியில் வந்து விழுந்தான். "ரெண்டு அறைக்கு சின்ன ஹீட்டர் வாங்கலாம், கஸ். மார்ச் வரைக்கும் எப்படியாவது..." என்று முணுமுணுத்தான். பாவி, அடுத்த சந்தைக்கு என்ன கொண்டுவருவான் என்று நினைத்தேன்.

அவனை எழுப்பி அழைத்துப் போக வந்தவள்போல ஆர்லீன் வந்தாள். அவன் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, என் கண்ணாடிமேல் எதையோ கொட்டினாள். ஆறு சின்னச் சீட்டுகள். காபித்தூள் கறை படிந்து, எல்லாவற்றிலும் அறுபத்தேழு என்று இருந்தது.

"ஒண்ணை வித்துட்ட. மிச்ச ஆறையும் எங்க ஒளிச்சு வச்சிருக்க, டெல்? குப்பைல ஒவ்வொண்ணா எடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் வேற வேற நம்பர். நான் கோட்டைப் போட்டுட்டுத் தூங்குறேன், நீ ஆறு காசை அடைகாக்குற! இதைக் காட்டிட்டுத்தான் எங்க அக்கா வீட்டுக்குப் போகணும்னு வச்சிருந்தேன்."

டெல்பர்ட் சீட்டுகளை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினான். அந்தக் கனத்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான்.

"அதுவா? இப்பத்தான் ஒருத்தன் ரொக்கமா வாங்கிட்டுப் போனான். பச்சைக் குல்லா போட்ட ஆளு. பேரு கேக்கலையே."

டெல்பர்ட் கதவு வரை போனான். கார் நிறுத்துமிடம் முழுக்கப் பனி, எல்லாத் தலையிலும் குல்லா. திரும்பி வந்து சீட்டுகளை மறுபடி கண்ணாடிமேல் வைத்தான். நான்தான் ஆர்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உடைத்தது, அனுப்பியது, ஒரே காசு ஏழு காசாகக் கணக்கில் ஏறியது எல்லாம். இந்தச் சீட்டுகள் கையில் இருந்திருந்தால் என்ன விலை கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான், ஆர்லீன்," என்றான் அவன்.

"இத்தனை நாளா உம்மேல இருந்த கோவத்துலதான் அந்த வீட்டுல படுத்துக் கிடந்தேன். அதுதான் எனக்குச் சூடா இருந்துச்சு."

அந்த வெதுவெதுப்பான மண்டபத்தில் நின்றுகொண்டு அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாள்.

"இப்பக் குளிருது, டெல்."