பீரங்கிக்குத் தெரியாத சொல்

குப்பை வண்டியின் மணி தெருமுனையில் கேட்டதும் டைல்ஸ் கடைக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். கையில் பிஸ்கட், காலடியில் நான்கு மாதக் குட்டி. பெரிய காவல் இனம். பெயர் பீரங்கி. இதுவரை அது தகர்த்தது இரண்டு செருப்பையும் ஒரு சோபாவையும்தான்.

"பிடி! விடாதே!" என்று தூண்டிவிடுவார். குட்டி பாயும். குப்பை எடுக்கும் அம்மாள் பதறிப் பின்வாங்குவார்.

"என்னம்மா, குட்டிக்கே இந்த ஓட்டமா ஓடுறே?" என்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் பிஸ்கட்டை நாய்க்குப் போடுவார். காரில் வரும் நண்பர்களைப் பார்த்துக் குரைத்தால் மட்டும் அதன் மூக்கில் ஒரு தட்டு விழும். வந்த புதிதில் அந்தக் குட்டிக்குக் காது சொறிந்துவிட்டவரே அந்த அம்மாள்தான். கண்டவர்கள் தொட்டால் நாய் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டார் கடைக்காரர்.

நாயைப் பழக்க வந்த பயிற்சியாளர் ஒரே வாரத்தில் கும்பிடு போட்டு விலகினார். "சார், முதல்ல 'விடு'ன்னா விடக் கத்துக்கணும். எல்லா விதமான ஆளுங்களோடயும் பழகணும். 'பிடி' எல்லாம் அப்புறம்."

"விடுறதுக்கா சார் நான் நாய் வளர்க்கிறேன்?"

பள்ளி ஆசிரியையான அவர் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏங்க, நாளைக்கு இது வளர்ந்து நிக்கும். அப்போ யாரு பிடிக்கிறது?"

"நான் இருக்கேன்ல!"

பத்தாவது மாதம் பீரங்கி நாற்பத்தைந்து கிலோ. குப்பைக்கார அம்மாள் அந்த வீடு வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போனார். மனைவி பள்ளியில் பாடம் நடத்தும்போதுகூட வாசல் கதவைத் தாழிட்டோமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் மனைவி வேலைக்குப் போனபின் கடைக்காரர் வாசல் முற்றத்தில் நாயைக் குளிப்பாட்டினார். முடி கொட்டும் பருவம். சீப்பு போட்டால் கொத்துக் கொத்தாக வந்தது. தரை முழுக்க ஷாம்பு நுரை. அவர் கடையிலேயே பொறுக்கியெடுத்துப் பதித்த வழவழப்பான டைல்ஸ். கால் வழுக்கியது. இடுப்பில் ஏதோ முறிந்தது. பின்மண்டையிலிருந்து ரத்தம் வழிந்து நுரையில் கலந்தது. போன் வீட்டுக்குள்ளே இருந்தது.

அவர் அலறியதைக் கேட்டு முதலில் ஓடி வந்தவர் குப்பைக்கார அம்மாள்தான். "ஐயோ, சார்!" என்று கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார். பீரங்கி பாய்ந்து வந்து கம்பியைக் கவ்வியது.

"விடு! பீரங்கி, விடுடா!"

அந்தச் சொல்லை யாரும் அதற்குப் பழக்கியதே இல்லை. முதலாளி கத்தினால் இன்னும் சீற வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இரண்டு மடங்காகச் சீறியது.

அந்த அம்மாள் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அதில் சீருடையோடு வந்த இருவரும் கேட்டுக்கு வெளியே அந்த அம்மாள் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. குரைப்புக்கு நடுவே கடைக்காரர் தன் மனைவியின் போன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். அந்த அம்மாள் போட்டபோது இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது. கடைக்காரரின் கண் சொருகியது.

"கண்ணை மூடாதீங்க சார்! அவங்க கிளம்பிட்டாங்க, வந்துடுவாங்க. ஏதாவது பேசுங்க சார்!" என்று கம்பிக்கு வெளியே நின்று அந்த அம்மாள் அரை மணி நேரம் தொண்டை வற்றக் கத்தினார். மனைவி வந்து கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்து நாயை அறைக்குள் அடைத்த பிறகுதான் ஸ்டிரெச்சர் உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்றார் மருத்துவர்.

இரண்டு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு கடைக்காரர் வாசலில் காத்திருந்தார். பழைய பயிற்சியாளர் பீரங்கியின் வாரைப் பிடித்திருந்தார். மணி கேட்டது.

"அம்மா, இந்த பிஸ்கட்டை நீங்க குடுங்க. இப்போ 'விடு'ன்னா விட்டுடுது. பயமா இருக்கா?"

"நாய் என்ன சார் பண்ணும்? சொல்லிக் குடுத்ததைச் செஞ்சுது. நான் பயந்து ஓடுறப்போ நீங்க சிரிச்சீங்களே, அதுதான் மனசு ஆறல."

கடைக்காரர் தலை தாழ்ந்தது. "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுடுங்க. ஒருத்தரோட சட்டையையும் வேலையையும் பார்த்து மதிக்கிற கேடுகெட்ட புத்தி எனக்கு இருந்துச்சு. அதையே நாய்க்கும் ஊட்டிட்டேன். அன்னைக்கு என் உயிரைக் காப்பாத்த வந்தவங்களை அது வாசல்லயே நிறுத்திடுச்சு. மனுஷங்களை மதிக்க முதல்ல நான் பழகணும். நாயெல்லாம் அப்புறம்தான்."

அந்த அம்மாள் பிஸ்கட்டை வாங்கி நீட்டினார். பீரங்கி எழுந்தது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"விடு" என்றார் கடைக்காரர். நாய் உட்கார்ந்தது.

இந்தமுறை கடைக்காரர் சிரிக்கவில்லை.