அவிட்டம் பிறக்கும் முன்

ஏழாவது வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். அமிர்தவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள். எதிர் வீட்டு ஓட்டுக்கு மேலே இரண்டு ஆள் உயரம் இருந்தது. அது இறங்குவதற்குள் அவளுக்குக் குடக்கூலிக்கு ஒரு வீடு வேண்டும்.

வருஷக்கணக்கில் இருப்பதற்கு இல்லை. புருஷன் சாவதற்கு. ஆம்பூரில் அதற்கு முன்னால் யாராவது இப்படி ஒரு வீட்டைக் கேட்டிருப்பார்களா என்பது தெரியாது. அவள் ஒளிக்காமல்தான் கேட்டாள். ஒளித்துக் கேட்டு வாங்கி, அப்புறம் அந்த வீட்டுக்காரர்களும் வந்து படுக்கையோடு தூக்கச் சொன்னால் என்ன செய்வது?

மத்தியானம் வரைக்கும் அவளுக்கு வீடு இருந்தது. கோவிந்தசாமியின் வீட்டில் பாதி. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் அவரும் பெண்சாதியும் ஐந்து பிள்ளைகளும், இந்தப் பக்கம் கோதண்டராமனும் அமிர்தவள்ளியும் பதிமூன்று வயது மகள் தேவகியும். வாசல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அப்படிப்பட்ட சுவரை வைத்துக்கொண்டு கோவிந்தசாமி பஞ்சாங்கத்தோடு வந்து கதவருகில் நின்று மெதுவாகப் பேசியதில் என்ன லாபம்?

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஐயர்கிட்ட போய் பாத்துட்டுத்தான் வர்றேன். முப்பது நாழிகைக்கு அவிட்டம் பொறக்குது. பொழுது சாஞ்சு மசூதில பாங்கு சொல்ற நேரம்னு வெச்சுக்கங்க. அதுலருந்து அஞ்சு நட்சத்திரம் அடைப்பு."

அமிர்தவள்ளிக்கு அது தெரியாததல்ல. அந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டை ஆறு மாசம் பூட்டிப் போடவேண்டும். விளக்கு வைக்கக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது. பிணத்தைக்கூட வாசல் வழியாக எடுக்காமல் சுவரை இடித்துத்தான் எடுப்பார்கள்.

"இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றாள்.

"பாதி வூட்ட பூட்டினா போதும்னா நான் வாயே தொறக்க மாட்டேன். ஒரே கூரை, ஒரே வாசல். முழுசா பூட்டணும்னு ஐயர் சொல்றார். நெறமாசக்காரிய கூட்டிக்கினு ஆறு மாசம் நான் எங்க போவேன், சொல்லுங்க. பின்னால மாட்டுக் கொட்டாய்ல ஒரு கட்டில போட்டு…"

மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிடுவதாகவும் சாணியெல்லாம் வாரி மணல் கொட்டித் தருவதாகவும் சொன்னார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. அமிர்தவள்ளிக்கு வந்த ஆத்திரம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கோதண்டராமன் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம் பட்டை நிறுத்துப் போடுகிறவர். பட்டைத் தூளையே இருபது வருஷம் சுவாசித்து, இப்போது மூன்று மாசமாக இளைப்பு. இரண்டு நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. இருபது வருஷத்தில் அவர்கள் இருந்த வீடுகள் ஒன்பது. தோல் வாசனை வருகிறது என்று இரண்டு வீட்டுக்காரர்கள், கிணற்றில் வாளி விட்ட சண்டையில் ஒருத்தர், மகனுக்குக் கல்யாணம் என்று ஒருத்தர். அந்த மகனுக்கு இன்று வரை கல்யாணம் ஆகவில்லை. யார் காலி பண்ணச் சொன்னாலும் கோதண்டராமன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பத்தாம் தேதி கெடு என்றால் எட்டாம் தேதியே வண்டி வந்து வாசலில் நிற்கும். "கெடு தாண்டி ஒருத்தர் வூட்ல நின்னோம்னு பேர் வரக்கூடாது" என்பார். அந்த நல்ல பேரை நினைத்தாலே அமிர்தவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவள் அவள்தானே.

கோவிந்தசாமி போனதும் அவள் உள்ளே வந்தாள். கோதண்டராமன் கண்ணைத் திறந்தே படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"போய் ஒரு வண்டி பாரு" என்றார்.

"வண்டி பாத்து எங்க போறது? மாட்டுக் கொட்டாய்க்கா?"

அமிர்தவள்ளி தேவகியை அவர் தலைமாட்டில் உட்காரவைத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு தெருவில் இறங்கினாள். அவர் ஒரு கூரைக்குக் கீழேதான் சாகவேண்டும். மனுஷர் குடியிருக்கிற கூரையாக இருக்கவேண்டும். அவளுக்கு அன்றைக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஏழு வீட்டில் ஐந்து வீட்டுக்காரர்கள் தெரிந்தவர்கள். ஒருத்தி நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்து இல்லை என்றாள். எட்டாவது எங்கே போவது என்று தெரியாமல் தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது, அங்கே குடத்தோடு நின்ற ஒரு பெண்பிள்ளை, "மசூதித் தெருவுல ஹலீமா பீகிட்ட கேட்டுப் பாக்கறதுதானே? ரங்கூன் போன மவன் ரூமு சும்மாதான் கெடக்குது" என்றாள்.

ஹலீமா பீ பாதிக் கதவைத் திறந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, அவள் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

"சாகறதுக்கா வூடு?"

"ஆமாங்க."

"எப்போ?"

"இன்னிக்கு ராத்திரியோ, நாளைக்கோ. இன்னிக்குப் பொழுதோட எங்களுக்கு நட்சத்திரம் சரியில்ல. அதையும் சொல்லிட்டுத்தான் கேக்கறேன்."

"நட்சத்திரம் கிட்சத்திரம் எங்களுக்கு இல்ல. எங்க வூட்டுக்காரர் இந்த ரூம்லதான் மவுத்தானார். அதுக்கப்புறம் அதுலதான் என் மவனுக்கு நிக்காஹ் பேசினோம்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா சங்கு ஊதக்கூடாது. மேளம் வாசல்ல வேணாம், ஜமாத்துல பேசுவாங்க. வர்ற ஆம்பளைங்க எவ்வளவு பேரானாலும் ரூமோட நிக்கணும், உள்கட்டுப் பக்கம் வரக்கூடாது. நான் கோஷா."

"சரிங்க."

"அவர் போனப்புறம் நீ எங்க இருப்பே?"

அன்று முழுக்க யாரும் அவளை அதைக் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது.

"இங்கியே இரு, பொண்ண வெச்சுக்கினு. எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு. ஆனா ஜாஸ்தி அழாதே, எனக்குத் தலைவலி வந்துடும்" என்று சொல்லி, ஹலீமா பீ உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தாள்.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அமிர்தவள்ளி ஓட்டமும் நடையுமாகக் கடைத்தெருவுக்கு வந்தாள். மஹபூப் பாஷாவின் ஒற்றை மாட்டு வண்டி தோல் இறக்கிவிட்டு வெறுமனே நின்றது. விஷயத்தைச் சொன்னதும் அவர் வண்டியைக் கழுவி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் தன் போர்வையையும் விரித்தார். எல்லாம் நல்லதுதான். ஆனால் நிதானமான மனுஷர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். கடையாணியைத் தட்டிப் பார்த்தார். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

பாதி வழியில் பாங்கு கேட்டது. மஹபூப் பாஷா கயிற்றை இழுத்துப் பிடித்து வண்டியை நிறுத்தினார். தலையைக் குனிந்துகொண்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னார். நிறுத்தாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அமிர்தவள்ளி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குரலை இருபது வருஷமாகக் கேட்கிறாள். அன்றைக்கு நீண்டதுபோல் அது என்றைக்கும் நீண்டதில்லை. கூரைகளுக்குப் பின்னால் வெயில் போய்விட்டது. பாங்கு முடிந்தது. வண்டி நகர்ந்தது.

வீட்டு வாசலில் கோவிந்தசாமி குடும்பம் முழுவதும் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அவர் பெண்சாதி பங்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பாயும் தலையணையும் வைத்திருந்தார்கள். பஞ்சாங்கக்கார ஐயர் தள்ளி நின்றார்.

"போய்ட்டாரும்மா" என்றார் கோவிந்தசாமி.

அமிர்தவள்ளிக்குப் பெரிய துக்கம்கூட உடனே வரவில்லை. வண்டி வீணாகிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது.

"உங்க பாப்பா வெளிய வந்து சொன்னப்ப பாங்கு முடிஞ்சிருந்துச்சு. ஆனா உயிர் போனது முன்னாடியா, பின்னாடியான்னு கேட்டா, அம்மா வரட்டும்னு சொல்லிட்டு உள்ள போய் ஒக்காந்துச்சு. நாங்க உள்ள காலெடுத்து வெக்கலாமா வேணாமான்னு தெரியாம நிக்கறோம்." அவர் குரல் கெஞ்சியது. "கேட்டுச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாச் சரி."

உள்ளே தேவகி அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு ஏற்றவில்லை. கோதண்டராமனின் கண்களை மூடிவிட்டிருந்தாள். பக்கத்தில் பாதித் தண்ணீரோடு டம்ளர். அமிர்தவள்ளி அவர் அருகே உட்கார்ந்தாள்.

"எப்ப?"

தேவகி சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "தண்ணி கேட்டார்மா. பாங்கு ஆய்டுச்சான்னு கேட்டார். இப்பதாம்ப்பா முடிஞ்சுதுன்னேன். சிரிச்சார். ரெண்டு வாய் குடிச்சார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு…"

"சிரிச்சாரா?"

"ம்."

அமிர்தவள்ளி புருஷன் முகத்தைப் பார்த்தாள். எட்டு வீட்டில் சொன்ன கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே சாமானை ஏற்றிய மனுஷர். வண்டி பார் என்று அவளைத் தெருவில் அனுப்பிவிட்டு, கெடு தாண்டட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாரா? அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டையும் தாங்க முடியாமல் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பட்டைத் தூள் வாசனை அடித்தது.

எழுந்து வெளியே வரும்போது உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தாள். அது நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் அவர்களும் போய் ஏழு வீட்டுக் கதவைத் தட்டட்டும், ஒருத்தி மோர் கொடுத்து இல்லை என்று சொல்லட்டும்.

கோவிந்தசாமி தன் வீட்டு நிலைப்படிக்கு வெளியே, உள்ளே காலை வைக்காமல், கதவுச் சட்டத்தை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அவளும் மத்தியானம் முழுக்க அப்படித்தான் நின்றாள். பங்காரம்மா படியிலிருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாங்குக்கு முன்னாடியே போய்ட்டாராம்" என்றாள் அமிர்தவள்ளி. "குழந்த பயந்துக்கினு சொல்லாம இருந்துட்டா."

ஐயர் தலையை ஆட்டினார். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கோவிந்தசாமி வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எங்கியும் போவ வேணாம்மா. எத்தினி வருஷம் வேணும்னாலும் இங்கியே இருங்க" என்றார்.

காலையில் வாசல் வழியாகத்தான் எடுத்தார்கள். ஆலங்காயத்திலிருந்து கோதண்டராமனின் தம்பி வந்து கொள்ளி வைத்தார். பன்னிரண்டாம் நாள் பங்காரம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பதினாறு முடிந்த மறுநாள் மத்தியானம் மஹபூப் பாஷாவின் வண்டி வாசலில் வந்து நின்றது.

கோவிந்தசாமி பதறிப்போனார். "யாரும்மா உங்கள போவச் சொன்னது? எங்க வூட்ல யாராச்சும் எதுனா பேசினாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லலைங்க."

அடுப்புக் கல், இரண்டு டிரங்குப் பெட்டி, குடம், அம்மி. ஏற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஏற்றி முடித்தபின் அமிர்தவள்ளி தங்கள் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவரிடம் வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க பக்கத்த ஆறு மாசத்துக்கு யாருக்கும் விடாதீங்க. வெளக்கும் வெக்க வேணாம். பூட்டியே வெச்சிருங்க."

கோவிந்தசாமி ஏன் என்று கேட்கப் போனவர் கேட்கவில்லை. அவளைப் பார்த்தார். தேவகியைப் பார்த்தார். தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து நாள் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "சரிம்மா" என்றார்.

உள்ளே போய் ஒரு பூட்டை எடுத்துவந்தார். முன்வாசலுக்குப் போடுகிற பெரிய பூட்டு.

வண்டி நகர்ந்தது. தேவகி சாமான்களுக்கு நடுவில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு மாசம் அப்பா இருந்த எடத்துக்கு யாரும் வர மாட்டாங்க இல்லம்மா?"

"வர மாட்டாங்க."

அமிர்தவள்ளி முந்தானை முடிச்சில் ஹலீமா பீயின் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தெருக்கோடியில் வண்டி திரும்பும்போதுதான் அவளும் பின்னால் பார்த்தாள். திறந்திருந்த வாசலுக்கு உள்ளே கோவிந்தசாமி அந்தக் கதவில் பூட்டைப் போட்டுவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.