பெரிய காலிப்பர்

சக்கரத்தின் கடைசி நட்டு கழல மறுத்தது. கந்தவேல் ஸ்பேனர்மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தார். சேந்தமங்கலம் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில், இடப்பக்கம் நசுங்கிப்போய் நின்றது தம்பியின் கார். தம்பி சரவணக்குமார் நாமக்கல் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தான். நேற்றுப் பட்டப்பகலில், நேரான ரோட்டில், தனியாகப் போய்ப் புளியமரத்தில் மோதியிருந்தான்.

"ரோட்டுல டயர் தேச்ச தடமே இல்லீங்க. பிரேக்குதான் போயிருக்கும்" என்றார் ஏட்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் சக்கரத்தை மாட்டிவிடும்படியும் சொன்னார்.

கந்தவேலுக்குச் சங்ககிரியில் லாரிப் பட்டறை. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்வி நிறுத்தும் காலிப்பர்களை, வேறொரு பெரிய காரிலிருந்து கழற்றி, தம்பியின் ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டிக்கொடுத்தவர் அவர்தான். அதற்கேற்ற பெரிய டிஸ்க் சக்கரத்துக்குள் அடங்காது. பழைய டிஸ்க்கே இருக்கட்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தும் பிரேக் பேடுகளின் மேல்விளிம்பு அதைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. டிஸ்க்கில் படாத அந்த விளிம்பு தேயாது. மற்ற இடம் தேயத் தேய, ஒருநாள் இரண்டு பேடுகளின் விளிம்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் டிஸ்க்கைக் கவ்வாது. தெரிந்தேதான் மாட்டினார். தூக்கி வளர்த்த தம்பி கேட்டால் எந்த அண்ணன் முடியாது என்பான்? அவ்வப்போது கொண்டுவந்து காட்டச் சொன்னார். அவன் எங்கே காட்டினான்.

அந்த விளிம்புகள் முட்டியிருக்கின்றனவா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

சக்கரம் கழன்றது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பேடுகள் தடிமனாக இருந்தன. விளிம்புகளுக்கு நடுவே விரல் தாராளமாக நுழைந்தது. அந்தப் பக்கச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோதும் அப்படியே. பிரேக் ஆயில் நிறைய இருந்தது, அதன் ஹோஸ் குழாயில் கசிவில்லை.

நாம் கொல்லவில்லை என்று நினைத்ததும் அழுகை வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. மிதித்திருந்தால் பிரேக் பிடித்திருக்கும். அப்படியானால் அவன் ஏன் மிதிக்கவில்லை? கண் அசந்துவிட்டானா, நெஞ்சு வலித்ததா, இல்லை... அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலில் காலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

உடலை வாங்கிக்கொண்டு வீடு வந்தபோது, தம்பி மனைவி சுகன்யா பந்தலில் கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தாள். காரை விற்கச் சொல்லி அவள் போட்ட சண்டையை, வருகிறவர்களிடமெல்லாம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாளாம். கந்தவேலைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"மாமா, அந்தக் காரையே கட்டிக்கிட்டுச் சாவுங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. சாப்புடாமத்தான் போனாருங்க. அதனாலயாங்க மாமா?"

வாயைத் திறக்கும்வரை, என்ன சொல்லப்போகிறோம் என்று கந்தவேலுக்கே தெரியாது.

"இல்ல அம்மணி. பிரேக்கு புடிக்கல. நான் மாட்டுன காலிப்பருதான்."

பந்தலில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. சுகன்யா அவரையே பார்த்தாள். பிறகு புருஷன்மேல் விழுந்து, நேற்றிலிருந்து வராத அழுகையை அழுதாள். கந்தவேலுக்கு, செய்தது சரியா தப்பா என்று புரியவில்லை.

பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுக்கப் போனார். சுகன்யாவின் அண்ணன் அறிவுமதி இடையில் வந்து, மூங்கிலைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான். கந்தவேல் விலகி நின்று எல்லோரையும் போகவிட்டு, கடைசி ஆளாகப் பின்னால் நடந்தார்.