நீளம் போதாத பாய்

வந்தவரின் கால்களைக் கழுவிவிட்ட பிறகுதான் அவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்பது எங்கள் மடத்து வழக்கம். விருந்தாளியாக வருவது கிறிஸ்துவே என்று எங்கள் ஒழுங்குநூல் சொல்கிறது. அவரிடம் போய் விலாசம் விசாரிக்க முடியுமா? விருந்தினர் இல்லத்தை நான் பார்த்துக்கொண்ட அத்தனை வருஷத்திலும் காலைக் கொடுக்க மாட்டேன் என்றவள் ஒருத்திதான், பிள்ளைகளே. அவள் பெயர் அகுஸ்தா.

மறுநாள் எங்கள் சிஸ்டர் லியோபாவுக்கு நித்திய வார்த்தைப்பாடு. சாகும்வரை இந்த மடம்தான் என்று பீடத்தின் முன்னால் வாக்குக் கொடுக்கும் நாள். அதற்கு முந்தின நாள் முற்பகலில், சோங்கேயா ஊருக்குப் போகும் ரோட்டிலிருந்து மேடேறி வந்தாள் அகுஸ்தா. முழங்கால்வரை செம்மண் புழுதி. பேசினையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க சிஸ்டர். நான் விருந்துக்கு வரல. எம் பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். உங்களுக்கு லியோபா, எனக்கு ஃபராஜா. விடியக்காலை பஸ்ல ரெண்டு பேருமாக் கிளம்பறோம்."

மதர் அசுந்தாவைத் தேடிப் போனேன். கோழிக்கூட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மதர், லியோபாவோட அம்மா வந்திருக்காங்க."

"அப்பாடா! நாம சொல்லி அனுப்பினதுக்குப் பதிலே இல்லன்னு அந்தப் பிள்ளை உள்ளுக்குள்ளயே வாடிட்டிருந்தா."

"வார்த்தைப்பாட்டுக்கு வரல, மதர். கூட்டிட்டுப் போறாங்களாம்."

மதர் கையிலிருந்த முட்டையைக் கூடையில் வைத்தார். "சாப்பாடு போட்டியா?"

"இல்ல."

"முதல்ல அதைச் செய். லியோபா இன்னிக்கு மௌன தியானத்துல இருக்கா. பிற்பகல் ஜெபம் முடிஞ்சதும் அனுப்பறேன். இங்க யாரையும் பூட்டி வைக்கல, யூசேபியா. போறேன்னு அவ சொன்னா, கேட்டைத் திறந்துவிட வேண்டியது நீதான்."

மக்காச்சோள உகாலிக் களியும் பீன்ஸும் ஏரி மீனும் வைத்தேன். அகுஸ்தா நியாசா ஏரிக்கரைக்காரி. மீனை ஒரு வாய் தின்றுவிட்டு, "இது செத்து ரொம்ப நாளாச்சே, இதுக்கும் ஜெபம் பண்ணீங்களா?" என்றாள். ஆனால் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

படுத்து ஓய்வெடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. கைவேலை அறையில் பேச்சுச் சத்தம் கேட்டு அங்கே போய் நின்றாள். சிஸ்டர் பொனோசாவும் இன்னும் சிலரும் தரையில் உட்கார்ந்து பாய் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஈச்ச ஓலையை நாடா நாடாவாக முடைந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்கும் பாய்.

"யாருக்கு?"

"லியோபாவுக்குத்தான் அம்மா," என்றாள் பொனோசா. "நாளைக்குப் பீடத்துக்கு முன்னால இதுல குப்புறப் படுப்பா. மேல கறுப்புத் துணி போத்தி, புனிதர்களைக் கூப்பிட்டுப் பாடுவோம்."

"பொணமாட்டமா?"

"பொணமாட்டம் படுத்து, எழுந்திரிக்கறது. நானும் படுத்தவதான். எழுந்து எப்படிக் கொழுத்திருக்கேன் பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அகுஸ்தா சிரிக்கவில்லை. அப்போது மணி அடித்தது. மணி அடித்தால் பாதித் தையலானாலும் எங்கள் கை நின்றுவிடும். ஜெபத்தைவிட எதையும் பெரிதாக நினைப்பதில்லை. பொனோசாவின் ஊசி பாயில் குத்தியபடியே நின்றது. நாங்கள் போய்விட்டோம். போகிற வழியில் விடியக்காலை பஸ் விஷயத்தைப் பொனோசாவிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அகுஸ்தா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஊற வைத்திருந்த ஓலையை மடியில் போட்டுக்கொண்டு முடைந்துகொண்டிருந்தாள். விரல்கள் ஓடிய வேகத்தில் எங்களுக்கு ஓலையே தெரியவில்லை. முடைந்த நாடா ஒன்று ஏற்கெனவே பாயின் கால்மாட்டில் குறுக்காக ஏறியிருந்தது.

"ஐயோ, விருந்தாளி வேலை செய்யலாமா!" என்று பதறினாள் பொனோசா.

"பாயில ஊசியக் குத்தி வச்சிட்டு எந்தப் பொம்பளையாவது எழுந்து போவாளா? எவளாவது உக்காந்தா என்ன ஆகும்? சரி, இது யாரோட அளவு?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் அம்மா. இங்க வித்தியாசம் பாக்கறதில்ல."

"வித்தியாசம் பாக்க வேண்டாம். எம் பொண்ணையாவது பாத்திருக்கீங்களா? கைக்குழந்தையா முதுகுல கட்டிக்கிட்டப்பவே துணிக்கு வெளிய தொங்குன காலு அது. அவ அப்பனாட்டம் நெட்டை. இதுல படுத்தா பாதிக் காலு சிமென்ட் தரையில கிடக்கும்."

உடை குட்டையாக இருக்கக் கூடாது, உடுத்துகிறவரின் அளவுக்கு இருக்க வேண்டும் என்று ஒழுங்குநூலில் இருக்கிறது. வருஷா வருஷம் வாசித்துக் கேட்கிறோம். பாய்க்கும் அதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேலையில் தப்பு செய்தால் அங்கேயே மண்டியிடுவது எங்கள் முறை. பொனோசா பொத்தென்று முழந்தாளிட்டாள்.

"எதுக்கு விழறீங்க? எழுந்து இந்த ஊசியில நூலக் கோத்துக் குடுங்க."

கோத்துக் கொடுத்துவிட்டு பொனோசா மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு பஸ்ல போறவளுக்குப் பாய் எதுக்கும்மா?"

அகுஸ்தாவின் விரல்கள் நின்றன. "போறாளோ இருக்காளோ. பாய் குட்டையா இருக்குல்ல?"

அந்த நேரத்தில்தான் லியோபா குனிந்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அகுஸ்தா நிமிரவில்லை. "படு. அளக்கணும்."

லியோபா பாயில் குப்புறப் படுத்தாள். குதிகால்கள் ஓலைக்குள்ளேயே அடங்கின. அகுஸ்தா மகளின் அங்கியை இழுத்துக் கணுக்காலை மூடினாள்; கையை எடுக்கவில்லை.

"அம்மா, நான் வரல," என்றாள் லியோபா, முகம் பாயில் பதிந்தபடியே.

"உன் அண்ணனுங்க டார் பட்டணத்துலேர்ந்து பண்டிகைக்கு போன் பண்றதோட சரி. நான் விழுந்தா யாருடி தூக்குவா?"

"தெரியலம்மா. தினமும் ஜெபத்துல அதத்தான் கேக்கறேன். பதில் வரல."

"பதில் வராமலே இங்கதான் இருப்பேங்கற?"

"ஆமா."

அகுஸ்தா அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு, "அப்பனோட பிடிவாதம்," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். "அசையாத. கடைசி வரிசை கோணிடும்."

பொழுது சாயும் நேரத்தில் அவள் விருந்தினர் இல்லத்து வாசலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையில் ஏறிய புழுதி காலில் அப்படியே இருந்தது.

"சிஸ்டர், அந்தத் தண்ணி இருக்கா?"

"ஆறிப் போச்சும்மா. வேற சுட வைக்கிறேன்."

வெந்நீரோடு வந்து மண்டியிட்டேன். வலது கால் முடிந்து துண்டால் துடைக்கும்போது மாலை ஜெபத்துக்கு மணி அடித்தது.

"மணி அடிக்குதே, போகலியா?"

"ஒரு கால்தானே முடிஞ்சிருக்கு," என்றேன்.

அவள் மற்றக் காலையும் நீட்டினாள்.