இரண்டு தாளில் ஒரே வருடம்

விசாரணை அறையில் நால்வர் இருந்தார்கள். நடு நாற்காலியில் சட்டக் கல்லூரி முதல்வர், அவருக்கு வலப்பக்கம் ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர், மேசைக்கு எதிரே மாணவியும் அவள் அறைத்தோழியும்.

தேர்வில் அடுத்தடுத்து உட்கார்ந்த இருவரும் ஒரு தீர்ப்பின் வருடத்தை ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தார்கள். காப்பி என்று முடிவானால் இருவருக்கும் படிப்பே போய்விடும்.

"யாரைப் பார்த்து யாரும்மா எழுதினது?" என்றார் முதல்வர்.

தோழி தரையைப் பார்த்தாள். மாணவிக்குச் சுருக்கென்றது. இவள்தான் எட்டிப் பார்த்தாளோ?

"என்னை ஏன்டி முறைக்கிற? முன்னாடி உட்கார்ந்தது நீ. நீதான் திரும்பிப் பார்த்திருப்பே!" என்றாள் தோழி.

மாணவி தன் வகுப்பு நோட்டைப் புரட்டினாள். பேராசிரியர் வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதிய பக்கத்திலும் அதே வருடம்.

"நீங்க சொன்னதுதானே, சார்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஞாபகமில்லையேம்மா."

"நோட்டுக்கு ஞாபகம் இருக்கு, சார்."

"அதை நேத்துகூட எழுதியிருக்கலாமே?"

அன்று மாலை தோழிகள் இருவரும் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்: 'வகுப்பின் அறுபது விடைத்தாள்களிலும் அந்த வருடத்தைப் பார்க்க வேண்டுகிறோம்.'

"ஆபீஸ்ல குடுங்க, அனுப்பிடறேன்," என்றார் வழியில் வந்த பேராசிரியர்.

"பரவாயில்லை, சார்."

உறையை ஒட்டி, தபால் நிலையம்வரை நடந்துபோய், பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.