அண்டாவில் நின்றவர்

மென்பொருள் நிறுவனத்திடமிருந்து வந்த கேள்வி ஒரே வரிதான். அடுத்த பதிப்பில் உங்களுக்கு என்ன வேண்டும்?

வீரமணி அதைப் புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். தர்மபுரியைச் சுற்றிக் கல்யாணப் படம் எடுப்பவர்களில் பாதிப் பேர் அந்த மென்பொருளில்தான் படங்களைத் திருத்துகிறார்கள். மதியத்துக்குள் பதில்கள் குவிந்தன. நலங்கில் பூசிய மஞ்சளை வெளிச்சக் கோளாறு என்று நினைத்து அழித்துவிடுகிறது, அழிக்கக் கூடாது. கறுத்த மாப்பிள்ளையைக் கேட்காமல் வெளுப்பாக்கக் கூடாது. கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏரியூர் தர்மன், மாப்பிள்ளையைச் சிரிக்க வைக்க ஒரு பொத்தான் கேட்டிருந்தான். அதற்குக் கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் பதில் போட்டார்.

வீரமணிக்கும் அவன் மனைவி கலைமதிக்கும் பாப்பாரப்பட்டிக் கடைவீதியில் ஸ்டுடியோ. அவள் படம் எடுப்பாள். அவன் கணினியில் திருத்துவான்.

அவனுக்குக் குறை எதுவும் இல்லை. புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. படத்தில் கண்ணை உறுத்துவதை அதுவே கண்டுபிடித்து நீக்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் பாட்டில், டீ கப். நீக்கிய இடத்தில் சுவரையும் தரையையும் அதுவே வரைந்து நிரப்பும். இண்டூர்க் கல்யாணத்தில் ஒரு படத்துக்கு அதைச் செய்து பார்த்தான். நாற்காலிகள் போய் மண்டபம் அரண்மனை மாதிரி ஆனது. மொத்தப் படங்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். வந்தபோது முடிந்திருந்தது.

உனக்கு என்ன வேண்டும் என்று கலைமதியிடம் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் அந்த இண்டூர் மணப்பெண்ணின் அம்மா காவேரி வந்தாள். ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்ததாகச் சொன்னாள். கலைமதி நல்ல படங்களாக எடுத்து வைத்திருந்தாள். காவேரி அவை வேண்டாம் என்றாள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தாள். பெண்ணைப் பெற்றவர்கள் நகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். இவள் மகள் வெண்மதியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. படங்களின் ஓரத்தையே பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று கலைமதி கேட்டாள்.

அண்ணனை. சென்னப்பன். பொதுக் கிணற்றில் யார் மோட்டார் எப்போது ஓடுவது என்பதில் அவருக்கும் காவேரியின் புருஷனுக்கும் தகராறு. சில வருஷமாகப் பேச்சில்லை. காவேரி தாம்பூலத் தட்டோடு நேரில் போய்த்தான் அழைத்தாள். தட்டை வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையைத் தூரத்துப் பங்காளி ஒருவன் போட்டான்.

கல்யாணம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் சொன்னாள், உங்கண்ணனைத் தூணோரம் பார்த்தேன் என்று. அதெல்லாம் உன் மனசு குளிரச் சொல்வது என்றார் காவேரியின் புருஷன் மாது. வந்திருந்தால் போட்டோவில் இருப்பான்.

வருகிற ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறி விருந்து. அண்ணன் வந்திருந்தால், நாளைக்கே போய் விருந்துக்கு அழைப்பாள். வரவில்லையென்றால் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டாள். புருஷனிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆள் எப்படி இருப்பார் என்று கலைமதி கேட்டாள். தோளில் சிவப்புத் துண்டு. எங்கே நின்றாலும் ஒரு காலை மடித்துப் பின்னால் ஊன்றிக்கொண்டு, கொக்கு மாதிரி நிற்பார்.

மூவரும் பார்த்தார்கள். மாலை, தாலி, அட்சதை, மெட்டி. தூண்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. யாரும் சாய்ந்திருக்கவில்லை. கடைசிப் படம் வந்தது.

"போதும்மா," என்றாள் காவேரி.

வீரமணி டீ வாங்கி வந்தான். அவள் மறுக்காமல் வாங்கிக் குடித்தாள். திரையில் தாலி கட்டும் படம் நின்றிருந்தது. மண்டபம் முழுக்கத் தெரியும் படம். வலது ஓரத்தில் குடிதண்ணீர் வைத்த எவர்சில்வர் அண்டா. காவேரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த அண்டாவக் கொஞ்சம் பெருசு பண்ணு கண்ணு."

கலைமதி பெரிதாக்கினாள். அண்டாவில் மண்டபம் சின்னதாகத் தெரிந்தது. தூண் வில் மாதிரி வளைந்திருந்தது. தூணில் ஓர் ஆள். நடுவில் உப்பி, தலையும் காலும் சிறுத்து. தோளில் சிவப்பு. ஒரு கால் மடிந்திருந்தது.

வீரமணி படத்தில் இருந்த தூணைப் பார்த்தான். ஆள் இல்லை. அண்டாவைப் பார்த்தான். இருந்தார்.

"பேயாட்டம் இருக்குதுங்கக்கா."

"பேயி ஏம்பா ஒத்தக்கால்ல நிக்குது? எங்கண்ணன்தான் நிக்கும்."

கலைமதி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எதையெதைத் தூக்குனீங்க?"

"சேரு. பாட்டலு."

"அப்பறம்?"

மேடையில் இல்லாதவர், கேமராவைப் பார்க்காதவர், தனியாக ஓரத்தில் நிற்பவர். நாற்காலியைப் போலவே அவரும் கண்ணை உறுத்துகிறார் என்று மென்பொருள் முடிவு செய்திருந்தது. தூணை அழகாக வரைந்து நிரப்பியிருந்தது. அண்டாவில் விழுந்த பிம்பத்தைக் கவனிக்கவில்லை. வீரமணி எதையுமே கவனிக்கவில்லை.

இங்கே கோபத்தில் இருக்கும் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வருவது அப்படித்தான். வராமல் இருக்க முடியாது. வந்ததாகத் தெரியவும் கூடாது. பின்னால் நின்று அட்சதை போட்டுவிட்டு, பந்திப் பக்கம் திரும்பாமல், கை நனைக்காமல் போய்விடுவார்கள். அப்படி வந்தவர்களைத்தான் அது பொறுக்கி எடுத்து நீக்கியிருந்தது.

"போனது போனதுதானா?" என்றாள் காவேரி.

இல்லை என்றாள் கலைமதி. கேமரா எடுத்தது ரா ஃபைல் என்கிற மூலப் பதிவில் அப்படியே இருக்கும். என்ன திருத்தினாலும் அது மேலே போடும் சட்டைதான். உள்ளே இருக்கும் உடம்பை யாரும் தொடுவதில்லை. எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தாள். நீக்கியதை ரத்து செய்தாள்.

நாற்காலிகள் வந்தன. பாட்டில்கள் வந்தன. தூணில் சென்னப்பன் வந்தார்.

காவேரி தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கலைமதி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். சென்னப்பன் தூணில் இருந்தார். மறுபடி தூணில் இருந்தார். தாலி கட்டும்போது எக்கி நின்று பார்த்தார். அவர் போட்ட அட்சதை மேடைவரை போகாமல் முன்னால் இருந்தவரின் வழுக்கையில் விழுந்திருந்தது. பங்காளி மாலை போடும் படத்தில் அவர் கை உயர்ந்திருந்தது. நேராகப் போடு என்று தூணோரத்திலிருந்தே காட்டிக்கொண்டிருந்தார்.

"வந்ததே தெரியக்கூடாதாம். கை அடங்குதா பாரு," என்றாள் காவேரி. சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

இன்னொரு படத்தில் புதிதாக மாதுவும் வந்திருந்தார். கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றதில் அவரையும் சேர்த்து நீக்கியிருந்தது. வீரமணி மன்னிப்புக் கேட்டான்.

"அவரு போனாப் போறாரு, வுடு," என்றாள்.

ஸ்டுடியோவிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஏன் வைத்தாள் என்று தெரியவில்லை. சாட்சி வேண்டியிருந்திருக்கலாம். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"அண்ணா. வந்துட்டு கை நனைக்காமப் போயிருக்கிற."

"நா எங்க வந்தேன்?"

"தூண்ல சாஞ்சிருக்கிற. ஒத்தக்கால்ல."

"எவன் சொன்னான்?"

"அண்டா சொல்லுச்சு."

போனில் எங்கோ மாடு கத்தியது.

"மாலையக் கோணலாப் போட்டான் அந்த நாயி," என்றார் சென்னப்பன்.

காவேரி போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை விருந்தைப் பற்றிச் சொன்னாள். போனில் கூப்பிட்டால் வந்துவிடுவேனா என்று கேட்டார். நாளைக்கு நேரில் வந்து கூப்பிடுகிறேன் என்றாள். வரும்போது புருஷனையும் கூட்டிக்கொண்டு வா என்று வைத்துவிட்டார்.

காவேரி எழுந்து சேலையைச் சரிசெய்தாள். ஆல்பத்தில் எல்லாப் படமும் நாற்காலியோடு இருக்க வேண்டும். ஒரே ஒரு படம் மட்டும் நீக்கியபடியே தனியாக வேண்டும். தூணில் ஆள் இல்லாமல், அண்டாவில் மட்டும் இருக்கிற படம். அண்ணனிடம் காட்ட வேண்டும்.

அவள் போன பிறகு கலைமதி நிறுவனத்துக்குப் பதில் எழுதினாள். ஆளை நீக்கும் முன் கேட்கவும். வீரமணி அதை ஆங்கிலத்தில் மாற்றினான். கேட்பதற்குக் கணினி முன்னால் ஆள் இருக்க வேண்டும், டீக்கடையில் அல்ல என்றும் சேர்க்கச் சொன்னாள். அதை மட்டும் அவன் ஆங்கிலத்தில் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இண்டூரில் விருந்துக்கு அவர்களையும் அழைத்திருந்தார்கள். கலைமதி கேமராவோடு போனாள். சென்னப்பன் மாதுவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இருவரும் மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை. கறியில் உப்பு குறைவு என்பதில் ஒரே கருத்தாக இருந்தார்கள். பிறகு அவர் பந்தற்காலில் சாய்ந்து ஒரு காலை மடித்து நின்றார். வெண்மதி ஒரு மாலையை எடுத்து வந்து கொடுத்தாள். அவள் கழுத்தில் போட்டார். இரண்டு பக்கமும் இழுத்து நேராக்கினார். இரண்டு முறை நேராக்கினார். கலைமதி எடுத்தாள். பின்னால் ஒரு சிவப்பு நாற்காலி தெரிந்தது. நகர்த்தச் சொல்லவில்லை.

காவேரி அண்டாப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சென்னப்பன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கலைமதி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்த வயித்தக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

"அண்டா அப்பிடிக் காட்டுதுங்க."

"அண்டாவச் சரி பண்ணு."

படத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் அவர் விரல்களின் ஈரம் பட்டிருந்தது. பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.