பொதுவில் எழுதிய வரி

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து பிறந்தது. தமிழ் வரி அல்ல. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்காக நான் எழுதிய மென்பொருளில் இருந்த வரி. என் பெயர் இளமதி. கதை எழுதிப் பழக்கமில்லை. மன்னிப்புக் கேட்டும் பழக்கமில்லை. அதனால்தான் கதையில் வந்து ஒளிந்துகொள்கிறேன்.

2

தொடக்கம்: 'ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒருவரான சாம்சன், வறுமையின் பிடியில்—'

(நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் பொருந்துவதை எடுத்து ஒருவர் தலையில் கட்டுகிறேன்.)

மறுபடியும்: 'சாம்சன் ஞாயிறு பூசையில் கீபோர்டு வாசிப்பார்.'*

* பொய். உங்களுக்கு இரக்கம் வரட்டும் என்று சேர்த்தேன். அவர் கேரம் ஆடுவார். நன்றாக ஆடுவாராம்.

3

மென்பொருளில் 'தொழிலாளி' என்று பொதுவாக ஒரு கிளாஸ், அதாவது ஒரு மாதிரிப் படிவம், எழுதுவோம். அதை அச்சாக வைத்துக் குப்புராஜ், சாம்சன் என்று ஒவ்வோர் ஆளையும் கணினி உருவாக்கிக்கொள்ளும். கிளாஸிலேயே எழுதி வைப்பது எல்லோருக்கும் பொது, கேன்டீன் தண்ணீர் டிரம் மாதிரி. ஆளுக்குள் எழுதுவது அவரவர் டிபன் பாக்ஸ். தொழிற்சாலையின் பெயர் பொதுவில் இருக்கலாம். 'முடித்த பயிற்சிகள்' என்ற பட்டியல் ஆளுக்கு ஆள் தனியாக இருக்க வேண்டும். நான் அதைப் பொதுவில் எழுதிவிட்டேன்.

ஒரே ஓர் ஆளை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். ஆள் ஒருவரே என்றால் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

4

ஒரு திங்கட்கிழமை குப்புராஜ், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்கான பயிற்சியை முடித்தார். பட்டியல் ஒன்றே என்பதால் பயிற்சி முடிந்ததாக எல்லோர் பெயருக்கும் பச்சை விழுந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாளே ஆன சாம்சனுக்கும்.

"சார், எனக்கு இன்னும் கத்துக்குடுக்கல சார்."

சூப்பர்வைசர் வெங்கடேசன் திரையைக் காட்டினார். "சிஸ்டத்துல கீதுபா. மறந்துட்டுப் பேசாத."

அன்று பதினோரு மணிக்கு, அதே மெஷினில், வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணை அறிக்கையில் 'பயிற்சி பெற்றும் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். சாம்சனுக்கு வேலை போனது. நான் மென்பொருளில் அந்தப் பட்டியல் வரியைச் சத்தமில்லாமல் இடம் மாற்றினேன். என்ன மாற்றினாய் என்று பதிய வேண்டிய இடத்தில் 'சிறு திருத்தம்' என்று பதிந்தேன். வெட்கமாக இருக்கிறது.

(இங்கே 'இது நம் எல்லோருடைய தவறு' என்று ஒரு வாக்கியம் இருந்தது.)

5

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் சாம்சன் வீட்டுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்ததாகச் சொன்னேன். அவர் மனைவி ஜெனிபர் டீ கொடுத்தார்.

"அன்னைக்கு இன்னா நடந்துச்சு?" என்றேன்.

"கத்துக்குடுத்தாங்கன்னு சிஸ்டத்துல கீதே மேடம்," என்றார் சாம்சன். "நாந்தான் எதையோ நெனைச்சிக்கினு இருந்துட்டேன் போல. எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

"தூக்கத்துல கூட அதையே கேக்குறாரு மேடம், எப்ப கத்துக்குடுத்தாங்கன்னு," என்றார் ஜெனிபர்.

'உங்களுக்கு யாருமே கற்றுக்கொடுக்கவில்லை, சாம்சன். நான்—'

இந்த வாக்கியம் அன்று வாயிலிருந்தும் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் சாம்சன் என்னை மன்னிக்கிறார். நானே எழுதிய மன்னிப்பு என்பதால் கிழித்துப் போட்டேன். மற்றொன்றில், 'முடிவு உங்கள் கையில்' என்று வாசகர்களான உங்களிடம் விட்டுவிடுகிறேன். இப்படிக் கதைகள் முடிவது உண்டு என்கிறார்கள்.

ஆனால் அது பழைய தவறேதான். ஒருத்திக்குள் இருக்க வேண்டியதை எல்லோருக்கும் பொதுவாக எழுதுவது. நான்காம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வாக்கியத்தை இப்போது திருத்துகிறேன்: இது என் தவறு.

ஐந்தாம் பகுதியில் அறுந்து நிற்கும் வாக்கியத்தின் மிச்சம் உங்களுக்கு இல்லை. நாளைக் காலை கும்மிடிப்பூண்டி வண்டியில் போகிறேன். அதைச் சாம்சனிடம் சொல்லப் போகிறேன்.